யாழினிக்குப் புத்தகம் அனுப்பியிருக்கிறேன்

பாளையங்கோட்டை

அன்புள்ள சுமதிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் யாழினியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ கேட்ட படப் புத்தகங்களை நேற்றுக் கூரியரில் போட்டுவிட்டேன். புது முகவரி என்று நீ அனுப்பியதில் உன் பெயர் மட்டும் இருந்தது. அதனால் என்ன, படிவத்தில் ஒரு பெயர் எழுதத்தான் இடம் விட்டிருக்கிறார்கள்.

பள்ளியில் தீபாவளியன்று குழந்தையை எழுப்பி நிற்க வைத்து, உங்கள் பண்டிகையைப் பற்றிச் சொல் என்றார்களாமே. நான்கு வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? அந்த டீச்சரைக் குறை சொல்லவில்லை, நானும் சாக்பீஸ் பிடித்தே தலை நரைத்தவள்தான். நல்லெண்ணத்தில் செய்திருப்பார். ஆனால் பிற நாட்டாரைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்ல வருகிற புத்தகங்களில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. ஒரு பண்டிகை, ஒரு பலகாரம், ஒரு பட்டுப்பாவாடை. மற்ற நாளெல்லாம் அந்த ஜனங்கள் என்ன செய்கிறார்களாம்? அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பல் விழாதா, பென்சில் தொலையாதா? நீ கடையில் புத்தகம் எடுக்கும்போது முதலில் இதைப் பார்.

எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்ற அமெரிக்கர் 1962இல் வெளியிட்ட ‘தி ஸ்னோயி டே’ உங்கள் ஊர் நூலகத்தில் இருக்கும், கேட்டு வாங்கு. பீட்டர் என்கிற கறுப்பினச் சிறுவன் பனியில் விளையாடப் போகிறான். கதை அவ்வளவுதான். கால்தடம் பதிக்கிறான், ஒரு பனி உருண்டையைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறான், அது கரைந்துபோகிறது. அவன் நிறத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. படத்தில் இருக்கிறது, போதாதா? மறுவருடமே, அமெரிக்காவில் சிறந்த குழந்தைப் படப் புத்தகத்துக்குத் தருகிற கால்டிகாட் பதக்கம் கொடுத்தார்கள். யாழினியோடு படிக்கிற கானா நாட்டுப் பெண்ணை அவள் இப்படித்தான் அறிய வேண்டும், கூட விளையாடி விழுந்து எழுகிறவளாக. கானாவின் கொடியும் உடுப்பும் பிறகு வரட்டும்.

இந்த மாதிரிப் புத்தகத்தைப் படித்துக் காட்ட இரண்டு பேர் வேண்டும், சுமதி. ஒருவர் படிக்க, ஒருவர் பிள்ளையோடு சேர்ந்து படம் பார்க்க. ராத்திரி யார் படித்துக் காட்டுகிறீர்கள்? மாப்பிள்ளைக்கு ஷிப்ட் மாறிவிட்டதா? வீடியோவில் பார்த்து நாளாயிற்று என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இன்னொன்று. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எதையும் அள்ளிக்கொண்டு வராதே. ஹெலன் பானர்மேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கணவரின் மருத்துவ உத்தியோகத்தால் நம் மதராஸில் வாழ்ந்தவர், 1899இல் ஒரு கதை வெளியிட்டார். புலிகள் மரத்தைச் சுற்றி ஓடி ஓடி நெய்யாக உருகிவிடும். புலியும் நெய்யும் நம் பக்கத்துச் சமாசாரம். கதையில் வருகிற பையனின் படமோ கறுப்பின மக்களைக் கேலி செய்ய அந்தக் காலத்தில் வரைவார்களே, அந்த மாதிரி. வைத்த பெயரும் இழிவான பெயர். 1996இல் ஃப்ரெட் மார்செலினோ என்ற ஓவியர் பெயர்களை மாற்றி, இந்தியப் பிள்ளையாகவே புதிதாக வரைந்து அதே கதையைக் கொண்டுவந்தார். புலி அப்படியே ஓடுகிறது, நெய்யும் உருகுகிறது, யாருக்கும் அவமானம் இல்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்குப் படம்தான் புத்தகம். எழுத்தை நீ படித்துக்கொண்டிருக்கும்போது அவள் படத்தைப் படித்துக்கொண்டிருப்பாள். அதனால் வாங்குமுன் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் ஒருமுறை புரட்டிப் பார்.

பார்சலில் மேலாக இருப்பது சென்னை தாரா பதிப்பகம் 2004இல் போட்ட ‘தி லண்டன் ஜங்கிள் புக்’. மத்தியப் பிரதேசத்து கோண்டு பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷியாம், லண்டனில் ஓர் இந்திய உணவகத்துச் சுவர்களில் படம் வரையப் போனவர், தான் பார்த்த லண்டனை அதில் வரைந்திருக்கிறார். பிக் பென் கடிகாரம் அவருக்குச் சேவல், ஊரில் நேரம் சொல்வது அதுதானே. ஏறிப் போன விமானம் யானை. தினம் வந்து ஏற்றிக்கொண்டு போகிற 30ஆம் எண் பஸ் நன்றியுள்ள நாய். சாயங்காலமானால் மதுக்கடைக்குக் கிளம்புகிற ஆங்கிலேயர்கள் வௌவால்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்பா அந்தப் பக்கத்தை வேகமாகத் தள்ளிவிட்டார். எப்போதும் வெள்ளைக்காரர்தான் நம்மைப் பார்த்து எழுத வேண்டுமா? யாழினியிடம் கேள், அவள் பள்ளிக்கூடம் என்ன மிருகம் என்று. அவளே வரையட்டும்.

அடியில் உன் ரஷ்யப் புத்தகங்கள். மாஸ்கோவிலேயே தமிழில் அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் சல்லிசாகக் கிடைத்தவை. 1991இல் சோவியத் உடைந்தது, வரத்தும் நின்றது. பாட்டி அடுப்பின்மேல் படுத்திருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு ‘சுடாதா?’ என்று நீ நச்சரித்தாயே. அங்கே வீட்டு அடுப்பைச் செங்கல்லால் பெரிதாகக் கட்டுவார்கள், விறகு அணைந்தபிறகும் சூடு இருக்கும், குளிருக்கு அதன்மேல் படுப்பார்கள் என்று நான் வகுப்பெடுத்தேன். நீ நம்பவில்லை. அப்பாதான் முற்றத்து வெயிலில் கிடந்த செங்கல்லை இருட்டியபிறகு தொட்டுப் பார்க்கச் சொன்னார். மறுநாள் நீ பாயைத் தூக்கிக்கொண்டு நம் அடுப்பு மேடையில் ஏறினாய்! பிள்ளை கேள்வி கேட்டால் உடனே பதிலை நீட்டாதே, தொட்டுப் பார்க்க ஏதாவது கொடு. ஆனால் அந்தப் புத்தகங்களில் யாரும் சண்டையே போடமாட்டார்கள், எதற்கும் வரிசையில் நிற்கமாட்டார்கள். அதனால் எந்த நாட்டுக்கும் ஒரே புத்தகத்தோடு நிறுத்தாதே. வேறு வேறு ஆட்கள் எழுதிய இரண்டு மூன்றாவது வேண்டும்.

அந்தக் கதைகளில் கரடி அப்பா, நரி நான். உனக்குக் கரடி வந்தால்தான் சோறு இறங்கும். யாழினிக்கு யார் கரடி? நீயே இரண்டு குரலிலும் படிக்கிறாய் என்றால் அதையும் சொல்லிவிடு. தொண்டை கட்டிக்கொள்ளும், வெந்நீர் குடி.

இரண்டு வேலைக்கு நடுவில் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் என்று இவ்வளவு யோசிக்கிறாயே, அதில் எனக்குப் பெருமைதான். என்னிடம் பேசும்போது மட்டும் எதைக் கேட்டாலும் ‘பார்ப்போம் அம்மா’ என்று போனை வைத்துவிடுகிறாய். ஏழாம் வகுப்பில் கணக்கில் மதிப்பெண் குறைந்தபோதும் இப்படித்தான், தாளை அரிசிப் பானையில் வைத்திருந்தாய். நான் என்ன அடித்தேனா?

அப்பாவும் நானும் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டோம். விசாவுக்கு உங்கள் பக்கத்திலிருந்து ஓர் அழைப்புக் கடிதம் இருந்தால் நல்லது என்று ஏஜெண்ட் சொன்னார். மாப்பிள்ளை பெயர் வேண்டுமா என்று கேட்டேன், யார் பெயரில் இருந்தாலும் போதுமாம். இந்த வாரமே அனுப்பு. ஸ்வெட்டர் எடுக்க வேண்டும், அப்பாவுக்கு இங்கே அளவு கிடைப்பதில்லை. கரடி தயாராக இருக்கிறது என்று யாழினியிடம் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா