பழைய பிலிம் கேமரா ஆர்வலர்கள், தஞ்சாவூர்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. மழைக்காலத்தில் வருகை குறைந்தது, அவ்வளவுதான். சென்ற பொதுக்குழுவின் முடிவைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். கேமராக்களை மேசையில் அடுக்கிக் கண்காட்சி வைக்கும் பணத்துக்கு பிலிம் வாங்குவோம், அவரவர் கேமராவில் அவரவர் படம் எடுக்கட்டும் என்று தீர்மானித்தோம். சிலருக்கு இதில் வருத்தம்தான். ஆனால் ரோல் போட்ட பிறகுதான் பாதிக் கேமராக்களில் ஷட்டர் ஒட்டிக்கொண்டிருப்பதே தெரிந்தது.

தை மாதம் பெரிய கோயிலுக்குப் போனோம். லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் 1858-ல் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக்கினார். அதே சுவரை நாமும் எடுத்துப் பார்ப்பது என்று திட்டம். முக்காலி வைக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும் என்பதால் கையில் பிடித்தே எடுத்தோம்.

பலர் கொண்டுவந்தது ஆக்ஃபா கிளிக் 3 என்ற எளிய கேமரா. 120 என்னும் அகல பிலிம் ரோலில் 12 படம். ஷட்டர் வேகம் ஒன்றே ஒன்று, அதுவும் மெதுவானது. வெளிச்சத்தை வேகமாகப் பிடிக்கும் 400 ஐஎஸ்ஓ பிலிம் போட்டு வெயிலில் எடுத்தவர்களின் நெகட்டிவ் கன்னங்கரேல் என்று வந்தது. 100 போட்டுக் காலை நிழலில் எடுத்தவர்களுக்குக் கல்வெட்டு வரிகள் தெரிகின்றன, படிக்கத்தான் முடியவில்லை. இரட்டை லென்ஸ் கேமராவான யாஷிகா மேட் 124ஜி-யின் நெகட்டிவில் எழுத்து எழுத்தாக வாசிக்கலாம். எல்லாவற்றையும் ஒட்டிப் பார்த்தால் வரி படிக்கட்டு மாதிரி ஏறி இறங்குகிறது. அதை இன்று பின்சுவரில் மாட்டியிருக்கிறோம், சிரிக்காமல் பார்க்கவும்.

பிலிம் கழுவும் பயிற்சி சித்திரையில் நடந்தது. அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்த செயற்குழுவை என்ன சொல்வது! பிலிமில் படத்தை வரவைக்கும் டி-76 டெவலப்பர் கரைசலுக்கான நேரக் கணக்கு 20 டிகிரி செல்சியஸுக்கு. நம் குழாய்த் தண்ணீர் 30-ஐத் தாண்டியிருந்தது. பேசினில் ஐஸ் போட்டு டெவலப்பரைக் குளிரவைத்தோம். டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ, அலசும் தண்ணீர் எல்லாமே கிட்டத்தட்ட டெவலப்பரின் சூட்டிலேயே இருப்பது நல்லது. குளிர்ந்த பிலிமைத் திடீரென்று வெந்நீரில் போட்டால் அதன்மேல் உள்ள ஜெலட்டின் பூச்சு சுருங்கி வலை வலையாக விரிசல் விழ வாய்ப்புண்டு.

ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ ரோல் ஒன்றை ஓர் உறுப்பினர் பிரிக்காமலே வைத்திருந்தார். 1960-ல் தொடங்கி 1967-ல் உற்பத்திக்கு வந்த அந்த ஆலை மூடப்பட்டு வெகுநாளாகிறது. கழுவியதில் படம் தேறவில்லை, சாம்பல் மூட்டம்தான். அட்டைப்பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

பராமரிப்பு பற்றி இரண்டு சொல்கிறேன். லென்ஸில் பூஞ்சை பிடிப்பதற்குத் தோல் உறையும் ஒரு காரணம். உறையைத் தனியே வையுங்கள், கேமராவை சிலிகா ஜெல்லுடன் இறுக மூடும் டப்பாவில் போடுங்கள். கேனனெட் க்யூஎல்17 கேமரா வைத்திருப்பவர்கள் 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரியைத் தேடி அலைய வேண்டாம். காது கேட்கும் கருவிக்கான 675 பேட்டரி 1.4 வோல்ட் தரும். அது சற்றுச் சிறியது, சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் வேண்டும்.

கலர் ரோல்களை வெளியூர் லேப் ஒன்றுக்கு அனுப்பினோம். ஸ்கேன் வந்தது, நெகட்டிவ் வரவில்லை. கேட்டதற்கு, யாரும் திருப்பிக் கேட்பதில்லை என்றார்கள். இனி அங்கே அனுப்புவதில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வரும் ஆண்டும் கண்காட்சி வேண்டாம், சந்தாவில் ஒரு பகுதியைக் கருப்பு வெள்ளை பிலிமுக்கே ஒதுக்கலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. அதோடு இவ்வறிக்கையையும் ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்