போட்டியைத் தோளில் சுமந்தவர்களுக்கு எங்கள் நன்றி

அன்பு நண்பர்களே,

அணிப் போட்டியில் தொடங்கித் தனிநபர் இறுதி ஆட்டங்கள் வரை சர்வதேச இறகுப்பந்து சாம்பியன்ஷிப் நல்லபடியாக நிறைவடைந்தது. கோப்பை வென்றவர்களின் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படங்களில் இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறோம். ஒரு பெயர் விட்டுப்போனாலும் மனம் பொறுக்காது என்பதால் பெயர்களைக் குறிப்பிடவில்லை. ஆனால் யார் என்ன செய்தார்கள் என்று சொல்லாமல் "அனைவருக்கும் நன்றி" என்ற ஒரே வரியில் முடித்துக்கொள்வது நியாயமாகாது.

முதல் நன்றி ஆடுகளம் விரித்தவர்களுக்கு. மரத்தளத்தின் மேல் போடும் மேட் சுருளாகத்தான் வந்து சேரும். விரித்த கையோடு ஒட்டினால் ஓரங்கள் சுருண்டு எழும். இரண்டு துண்டுகள் சேரும் இடம் துளி தூக்கியிருந்தாலும் போதும், வலைக்கு முன்னால் காலை நீட்டிப் பாயும் வீரரின் ஷூ நுனி அதில் தட்டிக் கணுக்கால் பிசகிவிடும். அதனால் முந்தைய இரவே விரித்து, படியவிட்டு, மறுநாள்தான் இணைப்புகளுக்கு டேப் போட்டார்கள். நீளம் 13.40 மீட்டர், அகலம் 6.10 மீட்டர் சரியாக இருந்தால் போதும் என்று விடவில்லை. துண்டுகள் சற்று நழுவியிருந்தால் பக்கங்கள் சரியாக இருந்தும் களம் கோணலாகிவிடும். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து, இரண்டும் 14.723 மீட்டர் என்று வந்த பிறகே எழுந்தார்கள்.

வலையும் அப்படித்தான். கம்பத்தருகே 1.55 மீட்டர், நடுவில் 1.524 மீட்டர். மேல் நாடாவில் ஸ்மாஷ்கள் விழ விழக் கயிறு தளரும், நடு இறங்கும். கண்ணுக்கு அது தெரியாது, அளவுகோலுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் அந்தக் கோலோடு வந்து நின்றவர்களுக்கு நன்றி. சர்வீஸ் உயரம் பார்க்கும் கருவியை நிறுத்தியவர்களை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். சர்வீஸில் பந்தை அடிக்கும்போது தாண்டக்கூடாத 1.15 மீட்டர் என்பது ஆடுகளப் பரப்பிலிருந்து கணக்கு. கருவி நிற்பதோ மேட்டுக்கு வெளியே. மேட்டின் தடிமனைச் சேர்க்காமல் வைத்தால் அந்த அளவுக்கு உயரம் குறைந்து, சரியாகப் போட்ட சர்வீஸும் தவறாகிவிடும். இதைக் கவனித்துச் சரிசெய்தது சின்ன வேலை போலத் தெரியலாம். அதனால் காப்பாற்றப்பட்ட புள்ளிகள் சின்னவை அல்ல.

இறகுப்பந்து மேசையில் இருந்தவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். 16 இறகு, 4.74 முதல் 5.50 கிராம் வரை எடை. இவ்வளவு லேசான பொருள் காற்றுக்கும் வெப்பத்துக்கும் உடனே கட்டுப்படும். காலையில் அரங்கம் காலியாகவும் குளிர்ந்தும் இருக்கும், பந்து சற்று மெதுவாகப் போகும். மாலையில் கூட்டம் நிறைந்து அரங்கம் சூடானால் காற்றின் அடர்த்தி குறைந்து அதே பந்து கூடுதல் தூரம் பறக்கும். விதிப்படி சோதனை இதுதான்: பின்கோட்டுக்கு மேலே பந்தைத் தொட்டு, பக்கக் கோட்டுக்கு இணையாக, கீழிருந்து மேல்நோக்கி முழுவீச்சில் அடிக்க வேண்டும். எதிர்ப் பின்கோட்டுக்கு 530 முதல் 990 மில்லிமீட்டர் முன்னால் விழுந்தால் வேகம் சரி. ஒரு முனையிலிருந்து மட்டும் அடித்துப் பார்த்தால் அரங்கக் காற்று ஏமாற்றிவிடும் என்பதால், ஒவ்வொரு வேளையும் விளக்கும் ஏசியும் ஆட்ட நிலையில் ஓடும்போது இரண்டு முனைகளிலிருந்தும் அடித்துப் பார்த்தார்கள். 76, 77, 78 என வேக எண் குறித்த பந்துக் குழாய்களை முன்கூட்டியே அரங்குக்குள் கொண்டுவந்து அந்த வெப்பத்துக்குப் பழகவிட்டார்கள். வறண்ட காற்றில் இறகு சீக்கிரம் உடையும், அதற்கும் ஒரு கண் வைத்திருந்தார்கள். இறகு நுனியை மடித்து வேகம் குறைக்கும் வழக்கம் பயிற்சிக் களங்களில் உண்டு. போட்டியில் அதற்கு இடமில்லை, சரியான எண்ணைத் தேர்ந்தெடுப்பது ஒன்றே வழி.

ஏசி பிரிவினரும் இந்தப் பாராட்டில் பாதிக்கு உரியவர்கள். குளிர்காற்று பக்கவாட்டில் அடித்தால் உயரத் தூக்கி அடிக்கும் லாப் கோட்டுக்கு வெளியே போகும், வலையருகே மெல்லத் தட்டிவிடும் டிராப் வலையில் விழும். நிறுத்தினாலோ வேர்த்துக் கொட்டும். காற்றை எந்தக் களத்தின் மேலும் நேராக விழாமல் திருப்பி, நுழைவாயில்களில் திரை போட்டு, முக்கியமாக ஆட்டத்தின் நடுவில் வேகத்தை மாற்றாமல் இருந்தார்கள். நடுவில் மாற்றினால் ஒரு முனையில் ஆடுபவருக்கு மட்டும் லாபம். மூன்றாவது கேமில் 11 புள்ளியில் முனை மாறுவதே இந்த அநியாயத்தைச் சரிக்கட்டத்தான். காற்று நிலையாக இருந்தால்தான் அந்த விதிக்கும் பலன்.

அடுத்து, ஆட்டங்களை நகர்த்திய கட்டுப்பாட்டு மேசை. உலக ஜூனியர் சாம்பியன்ஷிப்பில் சுஹந்தினாதா கோப்பைக்கான கலப்பு அணிப் போட்டி முடிந்ததும் தனிநபர் போட்டி தொடங்குவதுபோல, இங்கும் ஒன்றை ஒட்டி இன்னொன்று. பார்ப்பவர்களுக்கு இரண்டும் இறகுப்பந்துதான். நடத்துபவர்களுக்கு இரண்டும் வேறு வேறு வேலை. அணி மோதலில் ஆண்கள் ஒற்றையர், பெண்கள் ஒற்றையர், ஆண்கள் இரட்டையர், பெண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் என ஐந்து ஆட்டங்கள். இரட்டையரிலும் கலப்பிலும் ஒரே ஆள் இறங்கினால் இடையில் ஓய்வு கிடைக்கும்படி வரிசையை அமைக்க வேண்டும். நாக் அவுட்டில் மூன்று வெற்றியோடு கதை முடியலாம், ஐந்து வரையும் நீளலாம். அடுத்த அணி எப்போது உடம்பைச் சூடேற்ற வேண்டும் என்று எப்படிச் சொல்வது? தனிநபர் போட்டியிலோ ஒரே களத்தில் ஆட்டத்துக்குப் பின் ஆட்டம். ஒருவர் காயத்தால் விலகினால் போதும், அடுத்தவர்கள் எதிர்பார்த்ததற்கு வெகு முன்னதாகவே தயாராக வேண்டும். களத்தில் ஓடும் புள்ளியைப் பார்த்துப் பார்த்து, அடுத்த ஆட்டக்காரர்களை அழைப்பிடத்துக்கு வரவழைத்து, சட்டையின் நிறமும் முதுகுப் பெயரும் சரிபார்த்து அனுப்பியவர்களின் நிதானத்தை வியக்கிறோம். அணிப் போட்டி முடிந்த இரவில் தூங்காமல் அட்டவணையைச் சரிபார்த்தவர்களுக்கு எங்கள் வணக்கம்.

கோட்டு நடுவர்கள் பந்தைத் துரத்திப் பார்ப்பதில்லை, கோட்டில்தான் கண். பந்து விழும் கணத்தில் தக்கை கோட்டைத் தொட்டதா என்பதே தீர்ப்பு. கண் மறைக்கப்பட்டால் தயங்காமல் இரண்டு கைகளாலும் கண்களை மூடிக் காட்டியது நேர்மையின் அடையாளம். தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டும் ஒரே ஒரு சைகை ஆட்டத்தையே கெடுத்துவிடும்.

துடைப்பான் பிடித்த இளைஞர்களே, உங்களை மறப்போமா? ஒரு டைவுக்குப் பின் மேட்டில் கிடக்கும் வேர்வை, வெளிச்சத்தில் ஒரு கோணத்தில் மட்டுமே பளபளக்கும். நடுவர் கைகாட்டியதும் இரண்டு பேர் ஓடிவந்து, உதிர்ந்த இறகுத் துணுக்கைக் கையால் பொறுக்கி, ஈரத்தைப் பரப்பாமல் ஒரே திசையில் இழுத்துத் துடைத்து, 11 புள்ளி இடைவேளையின் 60 நொடிக்குள் விலகிவிடுவீர்கள். உலர்ந்த துணியால் இன்னொரு முறை இழுப்பதை யாரும் விட்டதில்லை. அதை விட்டால் தரை வழுக்கும்.

ஸ்ட்ரிங் கட்டியவர்கள் ஒரு ராக்கெட்டுக்குச் சுமார் 10 மீட்டர் இழையைப் பின்னுகிறார்கள். ஆட்டத்தில் இழை அறுந்த ராக்கெட் வந்ததும் முதல் வேலை, மீதி இழைகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வெட்டிவிடுவது. ஒரு பக்கம் மட்டும் இழுவை நின்றால் ராக்கெட்டின் சட்டம் கோணலாகும். சட்டத்தின் துளைகளில் இழையைக் காக்கும் சிறு குழலான கிரோமெட் தேய்ந்திருந்தும் அதை மாற்றாமல் கட்டினால் புது இழை அதே இடத்தில் மறுபடி அறும். அடுத்த ஆட்டத்துக்கு அவசரம் என்று வந்து நின்றவர்களுக்கும் அந்தச் சோதனையைத் தவிர்க்கவில்லை.

ஊக்கமருந்துச் சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களோடு கூடவே இருந்தவர்களின் வேலை பொறுமைக்கே சோதனை. அறிவிப்பைக் கொடுத்த நொடியிலிருந்து வீரரைக் கண்பார்வையிலிருந்து விடக்கூடாது. சிறுநீர் மாதிரி குறைந்தது 90 மில்லி வேண்டும். தண்ணீரை அதிகம் குடித்து அது நீர்த்துப்போனால் மறுபடி காத்திருக்க வேண்டும். தோற்ற வருத்தத்தில் இருந்தவரிடமும் முகம் சுளிக்காமல் நடந்துகொண்டீர்கள்.

மருத்துவர்கள், பிசியோக்கள், ஓட்டுநர்கள், சமையற்கூடத்தினர், மொழிபெயர்த்து உதவியவர்கள், கடைசி ஆட்டம் முடியும்வரை வாயிலில் நின்ற காவலர்கள், உங்கள் எல்லோருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. சான்றிதழ்கள் தயாராகிவருகின்றன. அவற்றில் "தன்னார்வலர்" என்ற பொதுச்சொல்லோடு நிறுத்தாமல், ஒவ்வொருவரும் பார்த்த வேலையையும் குறிப்பிடச் சொல்லியிருக்கிறோம். அடுத்த போட்டிக்கு ஆள் தேடுபவர்கள் அதைப் பார்த்து உங்களை அழைக்கட்டும்.

நன்றியுடன்,
போட்டி நடத்தும் குழு