ஜூஸ் பாட்டிலில் சோப்பு ஆயில்

ஆசிரியர் அவர்களுக்கு,

சேலம் அம்மாப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். துணி துவைக்கும் லிக்விடைச் சில்லறையாக வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் காலி ஜூஸ் பாட்டில்தான். லேபிளைக்கூடக் கிழிப்பதில்லை. ஊற்ற மாட்டேன் என்றால், "அக்கா, ரொம்பத்தான் பண்றீங்க" என்கிறார்கள். ரோஸ் நிறம், வாசனை வேறு. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஜூஸ்தானே? அப்புறம், குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறார்கள். கூடவே கூடாது. நுரை மூச்சுக்குழாயில் இறங்கும். பிளீச்சிங் திரவமாக இருந்தால் மேலே வரும்போது தொண்டையை மறுபடி புண்ணாக்கும். வாயைத் துடைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள், பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தெருத்தெருவாக வண்டியில் விற்பவர்கள் குடிபான பாட்டிலில் இவற்றை ஊற்றித் தருவதை மாநகராட்சி தடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரர், அம்மாப்பேட்டை, சேலம்