‘ஆய்வில் தெரியவந்துள்ளது’ என்று எழுதும்போது சேர்க்க வேண்டிய மூன்று விடயங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாணவர் நடத்தை, கைத்தொலைபேசிப் பாவனை, மன அழுத்தம் பற்றி ‘ஆய்வில் தெரியவந்துள்ளது’ என்று தொடங்கும் செய்திகளைத் தமிழ்ப் பத்திரிகைகளில் அடிக்கடி காண்கிறோம். அவற்றை நம்பிப் பெற்றோர் வீட்டிலும் அதிபர்கள் பாடசாலையிலும் முடிவெடுக்கிறார்கள். ஆனால் யாரிடம் கேட்டார்கள், எதை வைத்து அளந்தார்கள், எதனோடு ஒப்பிட்டார்கள் என்ற மூன்றும் செய்தியில் இருப்பதில்லை. தராசைக் காட்டாமல் நிறையை மட்டும் சொன்னால் கடையில் ஏற்றுக்கொள்வோமா?

முதலில் அளவை. ‘கவனக்குறைவு’ என்பதை யாரும் கண்ணால் காண முடியாது. ஆசிரியரையோ கரும்பலகையையோ தன் கொப்பியையோ பார்க்காமல் பிள்ளை வேறெங்கோ பார்ப்பதைக் காணலாம். ஆய்வாளர் இந்த வரைவிலக்கணத்தை முதலில் எழுத வேண்டும். பிறகு 40 நிமிடப் பாடவேளையை 15 செக்கன் துண்டுகளாகப் பிரித்தால் 160 துண்டுகள் வரும். ஒரு துண்டுக்குள் பிள்ளை இரண்டு செக்கன் யன்னலைப் பார்த்தாலே அடையாளம் இடும் முறை ஒன்று உண்டு. அதில் முழு 15 செக்கனும் கவனக்குறைவாகக் கணக்கில் ஏறும், நேரம் மிகைப்படும். துண்டு முடியும் அந்தக் கணத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்து அடையாளம் இட்டால் இந்த மிகை பெரும்பாலும் நீங்கும். எந்த முறை என்று சொல்லாமல் ‘பாடவேளையில் 30% கவனக்குறைவு’ என்று எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

அவதானிப்பவர் இருவர் இருக்க வேண்டும். இங்கேதான் எங்களிடம் ஆய்வுமுறை படிக்கும் மாணவர்கள் அதிகம் தவறுகிறார்கள். 80% உடன்பாடு இருந்தால் போதும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அந்த 160 துண்டுகளில் இருவரும் தலா 16இல் மட்டும் ‘கவனமில்லை’ என்று இட்டதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல், பிள்ளையையும் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு இட்டிருந்தாலும் ஏறத்தாழ 131 துண்டுகளில் இருவர் தாளும் ஒத்துப்போகும். அது 82%. நடத்தை அரிதாக இருக்கும்போது தற்செயலே 80% கோட்டைத் தாண்டிவிடும். இதற்காகத்தான் ஜேக்கப் கோஹன் 1960இல், தற்செயல் உடன்பாட்டைக் கழித்துப் பார்க்கும் கப்பா என்ற குணகத்தைத் தந்தார். கிடைத்த உடன்பாடு 88% என்றால், 0.88இலிருந்து 0.82ஐக் கழித்து, வரும் 0.06ஐ, 1இலிருந்து 0.82ஐக் கழிக்க வரும் 0.18ஆல் வகுக்க வேண்டும். விடை 0.33. பார்வைக்கு நல்லதாகத் தெரிந்த 88%, உண்மையில் பலவீனமான உடன்பாடு.

வினாக்கொத்தில் வேறு சிக்கல். ஆங்கிலத்தில் செய்த அளவுகோலைத் தமிழாக்கி, இன்னொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டும் ஒத்துப்போனால் மொழிபெயர்ப்புச் சரி என்று விட்டுவிடுகிறார்கள். பதற்றத்தை ‘வயிற்றில் வண்ணத்துப்பூச்சி பறக்கிறது’ என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், திரும்ப ஆங்கிலத்துக்குப் பிசகில்லாமல் போய்விடும். சோதனையில் சித்தி! தமிழில் வாசிப்பவருக்குத்தான் ஒன்றும் விளங்காது. ஆகவே மீள்மொழிபெயர்ப்போடு நிறுத்தாமல், பத்துப் பதினைந்து பேரிடம் ஒவ்வொரு வினாவையும் வாசிக்கக் கொடுத்து, ‘இதில் என்ன கேட்கிறார்கள்? உங்கள் சொல்லில் சொல்லுங்கள்’ என்று கேட்க வேண்டும். அந்தப் பத்துப் பேரும் ஒரே ஊரவராக இருக்கக் கூடாது. கல்முனையில் விளங்கும் சொல் கொக்கட்டிச்சோலையிலும் அதே பொருளில் விளங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மட்டக்களப்பில் மனக்கஷ்டத்தை ‘நெஞ்சு பாரமாக் கிடக்கு’ என்றும் சொல்வார்கள். அதை அப்படியே உடல்நோய் என்று புள்ளியிட்டால் கணக்குப் பிழைக்கும். ‘பயனற்றவன் என நினைப்பதில்லை – ஒருபோதும் இல்லை’ போன்ற இரட்டை எதிர்மறைகளையும் அகற்ற வேண்டும்.

வினாக்கொத்தின் நம்பகத்தன்மைக்குக் கணிக்கும் குரோன்பாக் அல்பா என்ற எண் 0.7ஐத் தாண்டியது என்பதை அளவுகோல் சரியானது என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். வினாக்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே அல்பா சொல்லும். அளக்க நினைத்ததைத்தான் அளக்கின்றனவா என்பது வேறு கேள்வி. அதே போன்ற வினாக்களைக் கூட்டினாலே அல்பா ஏறிவிடும்.

அடுத்தது மாதிரி. மொத்தம் இத்தனை பேர் என்றால் எத்தனை பேரிடம் கேட்டால் போதும் என்று காட்டி கிரெய்சி, மோர்கன் இருவரும் 1970இல் வெளியிட்ட அட்டவணை ஆய்வேடுகளில் தவறாமல் இடம்பெறுகிறது: 1,000 பேருக்கு 278, 10,000 பேருக்கு 370. இந்த எண்கள் எழுமாற்றாகத் தெரிந்தெடுத்த மாதிரிக்கே, அதுவும் ஒரு விகிதத்தை 5% வழுவுக்குள் மதிப்பிடுவதற்கே பொருந்தும். வட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்பி 370 பேர் நிரப்பியவுடன் ‘மாதிரி போதும்’ என்பது அட்டவணையைத் தவறாகப் பயன்படுத்துவது. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையில் பிரதான வீதியை அண்டிய ஊர்களில் சேர்த்த 370 படிவங்கள் மேற்கேயுள்ள படுவான்கரையைப் பற்றி எதுவும் சொல்லா. படுவான்கரைக்குப் போனாலும், பெரும்போக அறுவடை நேரத்தில் பகலில் வீடுவீடாகத் தட்டினால் வயலில் நிற்பவர்கள் விடுபடுவார்கள். இரண்டு குழுக்களை ஒப்பிடும் ஆய்வுக்கு அந்த அட்டவணை உதவாது. நடுத்தர அளவான வேறுபாட்டை வழக்கமான 5% மட்டத்தில் (வேறுபாடே இல்லாதபோது தவறாக ‘உண்டு’ என்று சொல்ல 5% வாய்ப்பு) 80% வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் தேவை. சிறிய வேறுபாடென்றால் 390க்கும் மேல்.

ஒப்பீடு பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. தாளங்குடா, அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரிகளில் பயில்வோரும் சேவையிலுள்ள ஆசிரியர்களும் செயல்நிலை ஆய்வு, அதாவது தம் வகுப்பிலேயே ஒரு மாற்றத்தைச் செய்து பார்க்கும் ஆய்வு, செய்கிறார்கள். வழக்கமான அமைப்பு இது: வகுப்பில் மிகக் குறைந்த புள்ளி பெற்ற 12 பேரைத் தெரிவுசெய்து, ஆறு வாரம் குழுமுறைக் கற்பித்தல் நடத்தி, மறுபடி பரீட்சை வைப்பது. வகுப்புச் சராசரி 50, இந்த 12 பேரின் சராசரி 28, ஆறு வாரத்தின் பின் 37 என்று கொள்வோம். ஒன்பது புள்ளி ஏற்றம்! ஆனால் பரீட்சை நாளில் காய்ச்சலாக இருந்தவரும், படிக்காத பகுதியே வினாத்தாளில் வந்துவிட்டவரும் அந்த 12 பேருக்குள் இருப்பார்கள். அடுத்த பரீட்சையில் அவர்கள் தாமாகவே சராசரியை நோக்கி நகர்வார்கள். இரு பரீட்சைகளுக்கும் இடையிலான இணைபுக் குணகம் (இரு புள்ளிகளும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் எண்) 0.7, வகுப்பின் சராசரியும் புள்ளிப் பரம்பலும் மாறவில்லை என்றால், எதுவும் கற்பிக்காமலே எதிர்பார்க்கக்கூடிய சராசரி: 22 புள்ளி இடைவெளியை 0.7ஆல் பெருக்கி 50இலிருந்து கழிக்க, 34.6. ஒன்பதில் 6.6 புள்ளி இப்படி வந்தது. கற்பித்தலுக்கு மிஞ்சுவது 2.4 மட்டும். பிரான்சிஸ் கோல்ட்டன் 19ஆம் நூற்றாண்டிலேயே விளக்கிய விடயம் இது.

தீர்வு கடினமல்ல. குறைந்த புள்ளி பெற்ற 24 பேரை எடுத்து, சீட்டுக் குலுக்கி, 12 பேருக்கு இப்போதும் மீதி 12 பேருக்கு ஆறு வாரம் கழித்தும் அதே வகுப்பை நடத்தலாம். எவருக்கும் அநீதி இல்லை. முதல் ஆறு வாரத்துக்கு ஒப்பீட்டுக் குழுவும் கிடைத்துவிடும். விடைத்தாளைத் திருத்துபவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாது.

புகழ்பெற்ற ஆய்வுகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். இனிப்பை உண்ணாமல் காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் பரீட்சையில் சிறந்தார்கள் என்ற ஸ்டான்போர்ட் ஆய்வு, பெற்றோருக்கான கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 1990இல் பரீட்சைப் புள்ளியோடு அந்த இணைபு காட்டப்பட்டது 35 பேரை வைத்து. 2018இல் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளில் தொடர்பு பாதியாகக் குறைந்தது. குடும்பப் பின்னணியையும் இளவயது ஆற்றலையும் கணக்கில் எடுத்தபோது, அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97% பொருண்மையான முடிவை, அதாவது வெறும் தற்செயல் என்று தள்ள முடியாத முடிவை, தந்திருந்தன. மீள் ஆய்வுகளில் 36% மட்டுமே தந்தன. எந்த விளைவும் இல்லாத இடத்தில் ஒன்றோடொன்று தொடர்பற்ற 20 சோதனைகளை 5% மட்டத்தில் நடத்தினால், குறைந்தது ஒன்று ‘பொருண்மையானது’ என்று வர 64% வாய்ப்பு உண்டு. அந்த ஒன்று மட்டும் தலைப்பாகிவிடுகிறது.

உங்களிடம் எங்கள் வேண்டுகோள்: ஆய்வுச் செய்தி வந்தவுடன் செய்தியாளர் ஆய்வாளரை அழைத்து, எத்தனை பேர், எப்படித் தெரிவானார்கள், அழைத்தவர்களில் எத்தனை பேர் பதிலளித்தார்கள், எந்தக் கருவியால் அளக்கப்பட்டது, ஒப்பீட்டுக் குழு இருந்ததா என்று கேட்கட்டும். விடைகளைச் செய்தியின் அடியில் நான்கு வரியில் போடுங்கள். விடை கிடைக்காத கேள்விக்கு நேரே ‘ஆய்வாளர் தெரிவிக்கவில்லை’ என்று அச்சிடுங்கள்.

இங்ஙனம்,
ஆய்வுமுறையியல் கற்பிப்போர் சிலர்,
மட்டக்களப்பு.