வாங்க ஆளில்லை என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீடியோ கேம் கட்டுரையில், 'புதிதாக ஒரு கேம் செய்தால் வாங்க ஆளில்லை, பழைய தொடரின் அடுத்த பாகத்தைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்' என்று எழுதியிருந்தீர்கள். அந்த எல்லோரில் நானும் ஒருத்தி. நான் அப்படிக் கேட்டதே இல்லை.

கட்டுரை கொண்டாடிய அசாசின்ஸ் கிரீட் எப்படிப் பிறந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் அடுத்த பாகமாகத்தான் வேலை தொடங்கியது. கதை இளவரசனை விட்டு விலகிப் போனதும், 2007-ல் தனிப் பெயரோடு வந்தது. டெவில் மே க்ரையும் அப்படித்தான். ரெசிடென்ட் ஈவில் தொடரின் நான்காம் பாகமாக ஆரம்பித்தது, அந்தத் தொடரோடு ஒட்டவில்லை என்று 2001-ல் புதுத் தொடராகவே வெளிவந்தது. பழைய பெயரைக் கைவிட அன்றைக்கு யாருக்கும் மனம் வராமல் போயிருந்தால், இன்று நீங்கள் பாராட்ட இந்த இரண்டுமே இருந்திருக்காது.

பழைய தொடர்கள் மேல் எனக்குப் பகை இல்லை. 1986-ல் தொடங்கிய செல்டா, 2017-ல் தன்னையே புதுப்பித்துக்கொண்டு வந்தபோது நாள்கணக்கில் அதில் மலையேறிக் கிடந்தேன். ஆனால் வருடாவருடம் வரும் ஒரு துப்பாக்கிச் சண்டைத் தொடரை ஆறு முறை முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். கடைசியாக வாங்கியதற்கும் அதற்கு முந்தையதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது.

அப்புறம்தான் ஹாலோ நைட் விளையாடினேன். சின்னஞ்சிறு குழு செய்தது, கேள்விப்படாத பெயர். குகைக்குள் வழி தெரியாமல் அலையும்போது, வரைபடம் விற்கும் பூச்சி பாட்டு முணுமுணுப்பது எங்கிருந்தோ கேட்கும். அப்பாடா என்றிருக்கும். அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் ஒரு கேமை விளையாடி எத்தனை வருடம் ஆகியிருந்தது!

அது உங்கள் இதழில் ஒரு பத்திகூடப் பெறவில்லை. அதைக் கேட்டு நான் எழுதிய கடிதமும் இதழில் வரவில்லை. அட்டையில் ரீமேக், நடுப்பக்கத்தில் ரீமேக், ஆண்டின் சிறந்த கேம்கள் பட்டியலில் பெரும்பாலும் எண் ஒட்டிய பெயர்கள். புதுப் பெயர் கண்ணிலேயே படாவிட்டால் வாசகர் அதை எப்படி வாங்குவார்? பிறகு வாங்க ஆளில்லை என்று எழுதுவது நியாயமா, சொல்லுங்கள்.

செலவு அதிகம், கம்பெனிகள் பயப்படுகின்றன என்பீர்கள். சரி, அது அவர்கள் பணம். பத்திரிகைக்கு என்ன பயம்?

மாதம் ஒரு பக்கம் கொடுங்கள், அதற்கு முன் எந்தப் பாகமும் வராத ஒரு கேமுக்கு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி