கும்பகோணத்தில் அடுத்த டவுன் பஸ் எத்தனை மணிக்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 2028 மாசியில் வரப்போகும் மகாமகத்துக்குக் கும்பகோணத்தில் என்னென்ன செய்யலாம் என்று வாசகர்களிடம் கேட்டிருந்தீர்கள். புதிய பேருந்து நிலையம், மேம்பாலம், அடுக்குமாடி வாகன நிறுத்தம் என்று பலரும் நீளமாக எழுதியிருப்பார்கள். எனக்கு வேண்டியது சின்ன விஷயம். தாராசுரத்திலிருந்து பெரிய தெருவுக்கு வேலைக்குப் போகும் ஒருவனுக்கு அடுத்த டவுன் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று தெரிய வேண்டும்.

அந்த ஒருவன் நான்தான். பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கண்ணில் புரை எடுத்த பிறகு ஸ்கூட்டரை மகனிடம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கும் கடைக்கும் நாலு கிலோமீட்டர் இருக்கும். முப்பது வருஷம் சொந்த வண்டியில் போய்வந்தவனுக்கு, ஊருக்குள் பஸ் எப்படி ஓடுகிறது என்பது ஐம்பத்தெட்டு வயதில்தான் தெரிய வந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது. வண்டி வைத்திருப்பவர்கள் டவுன் பஸ்ஸைப் பற்றி நினைப்பதே இல்லை; ஹாரன் அடித்து ஒதுங்கச் சொல்வதோடு சரி.

கணக்குப்பிள்ளை புத்தி சும்மா இருக்காதே. நிறுத்தத்தில் நிற்கும்போது வண்டி வரும் நேரத்தை ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். இரண்டு மாதத்தில் ஒன்று புரிந்தது. வண்டிகள் குறைவு என்பது பாதி உண்மைதான். வருகிறபோது ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு மூன்று வரும். அப்புறம் சாலையே வெறிச்சோடிக் கிடக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் டிரைவரைத் திட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டிரைவர்களில் பாதிப் பேர் முகம் தெரிந்தவர்கள். இந்த ஊர் வீதியில் காலையும் மாலையும் பெரிய வண்டியைத் திருப்புகிறவர்களைத் திட்ட மனம் வராது.

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் கோயிலைச் சுற்றிக் கோயிலாக எழுந்த ஊர் இது. வீதிகள் தேர் ஓடுவதற்காக அமைந்தவை. தேர் வருஷத்துக்கு ஒருமுறை ஓடும். அன்றைக்கு வேறு எதுவும் ஓடாது. இப்போது எல்லாமே தினமும் ஓடுகிறது. முகூர்த்த நாள் என்றால் கேட்கவே வேண்டாம். சனி, ஞாயிறில் நவக்கிரகக் கோயில்களுக்குப் போகும் வேன்கள் வேறு. ஒரு டவுன் பஸ் நெரிசலில் பத்து நிமிஷம் மாட்டினால், அந்தப் பத்து நிமிஷத்தில் அடுத்த நிறுத்தங்களில் கூட்டம் சேர்ந்துவிடும். கூட்டத்தை ஏற்றி இறக்க இன்னும் தாமதமாகும். பின்னால் வருகிற வண்டிக்கு ஏற்ற ஆளே இருக்காது, அது விறுவிறுவென்று வந்து முன்வண்டியைப் பிடித்துவிடும். இப்படித்தான் வண்டிகள் ஜோடி சேர்கின்றன. நேரம் ரொம்பத் தப்பினால் கடைசி சிங்கிளை, அதாவது கடைசி ஒருவழி ஓட்டத்தை, எடுக்க முடியாமல் ட்ரிப் கட் ஆகிவிடும். நிறுத்தத்தில் நிற்பவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? "பஸ் வரலை", அவ்வளவுதான்.

நேரம் எங்கும் எழுதப்படாமலும் இல்லை. டைம் ஆபீஸில் ஒவ்வொரு சிங்கிளுக்கும் நேரம் உண்டு. ஓட்டுநருக்குத் தெரியும், நடத்துநருக்குத் தெரியும், பஸ் ஸ்டாண்டில் கடலை விற்பவருக்குக்கூடத் தெரியும். பயணிக்குத்தான் தெரியாது.

எங்கள் கடையில் பில் போடும் பெண் பட்டீஸ்வரம் பக்கத்திலிருந்து வருகிறாள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது அவள் சம்பளத்தில் உயர்வு வந்த மாதிரி. காலையில் அதை அனுபவிக்கிறாள். ராத்திரி எட்டு மணிக்குக் கடை எடுத்து வைத்தபின் வண்டி வருமா வராதா என்று தெரியாமல் நிற்க பயந்து, ஷேர் ஆட்டோவில் ஏறிவிடுகிறாள். காலையில் மிச்சம் பிடித்த காசு ராத்திரி போய்விடுகிறது. "ஃப்ரீதான் சார், வந்தா" என்பாள். எட்டே காலுக்கு ஒரு வண்டி நிச்சயம் என்று தெரிந்தால் எட்டு பத்துக்கு ஓடிப் போய் நிற்பாள். நிச்சயம் இல்லாத இலவசத்தை யாரால் நம்பி வேலைக்குப் போக முடியும்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பஸ் விஷயத்தில் கும்பகோணம் சாதாரண ஊர் அல்ல. தனியார் காலத்தில் ராமன் அண்டு ராமன் கம்பெனி இங்கேதான் இருந்தது. அவர்களின் பெர்மிட் வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. பெரிய கம்பெனிகளின் வண்டிகளை அரசு எடுத்துக்கொண்டபோது, 1972 மார்ச் 1 அன்று சோழன் போக்குவரத்துக் கழகம் இந்த ஊரைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கியது. 1997-இல் மன்னர் பெயர்களெல்லாம் போய்விட்டாலும், என் பெரியப்பா கடைசிவரை "சோழன் வந்துட்டானா?" என்றுதான் கேட்பார். டெல்டா முழுக்க அரசு பஸ்களில் கழகத்தின் பெயரோடு 'கும்பகோணம்' என்று ஊர்ப்பெயரைப் பார்க்கிறோம். அந்த ஊருக்குள் ரயிலடியிலிருந்து கும்பேஸ்வரன் கோயிலுக்குப் போக ஒரு வட்டப் பேருந்து கிடையாது.

மினி பஸ் இருக்கிறதே என்பீர்கள். விதியைப் படித்தால் அது இதற்கு உதவாது என்பது புரியும். 1997-இல் வந்த திட்டத்தில் மொத்தத் தடம் 20 கிலோமீட்டர், அதில் 16 கிலோமீட்டர் பஸ்ஸே போகாத பாதையாக இருக்க வேண்டும். புதிய திட்டத்தை 2025 ஜூன் 16 அன்று நம் தஞ்சாவூரில்தான் முதல்வர் தொடங்கிவைத்தார். அதில் தடம் 25 கிலோமீட்டர் வரை போகலாம், 65 சதவீதம் பஸ் போகாத பாதையாக இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழு 25-க்கு 65 சதவீதம் என்றால் பதினாறேகால். கிராமத்துக்கு இது நல்ல திட்டம், மறுக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்கள் மினி பஸ்ஸால்தான் பிழைத்தன. ஆனால் ஊருக்குள்ளேயே ஆறேழு கிலோமீட்டர் சுற்றும் ஒரு வண்டிக்கு இந்த விதியில் இடமே இல்லை. ஊர் மையம் 'ஏற்கெனவே பஸ் உள்ள பகுதி'. காகிதத்தில் சரிதான். வெளியூர்ப் பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு கடந்து போகிறதே, அதுவும் பஸ்தானே!

டெல்லியிலிருந்து வரும் திட்டங்களுக்கும் நாங்கள் கண்ணில் படுவதில்லை. 2023 ஆகஸ்ட்டில் மத்திய அமைச்சரவை 10,000 மின்சாரப் பேருந்துகளுக்கு ஒப்புதல் தந்தது. 169 நகரங்கள் என்றார்கள். 2011 கணக்கெடுப்பில் 3 லட்சம் பேருக்கு மேல் இருக்க வேண்டும் என்பது பொது விதி. கும்பகோணத்தில் அப்போது இருந்தவர்கள் 1.40 லட்சம். 2021-இல் மாநகராட்சி ஆனோம். போர்டு மாறியது, தலை எண்ணிக்கை மூன்று லட்சத்தைத் தொடவில்லை. சென்னையில் பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் சேர்த்து யோசிக்க 'கும்டா' என்று ஒரு குழுமம் இருக்கிறது. இங்கே சாலை ஒரு துறை, பஸ் ஒரு துறை, ஆட்டோ நிறுத்தம் யார் பொறுப்பு என்று ஆட்டோக்காரருக்கே தெரியாது.

சாலைக்கு மட்டும் பஞ்சமில்லை. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்கு வழிச் சாலையில் சேத்தியாத்தோப்பு–சோழபுரம் 50 கிலோமீட்டரை 2025 ஜூலையில் திறந்துவிட்டார்கள். சந்தோஷம். சென்னையிலிருந்து என் தம்பி வழியில் நிறைய நேரம் மிச்சம் பிடித்து வந்து சேர்ந்தான். அப்புறம் பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு நின்று எனக்கு போன் செய்து, "அண்ணே, தாராசுரத்துக்கு இப்ப என்ன வண்டி?" என்று கேட்டான். மிச்சம் பிடித்ததில் பாதி அங்கேயே போயிற்று.

இனி மகாமகத்துக்கு வருகிறேன். 1992 நெரிசலில் குளக்கரையில் உயிர்கள் போனதைப் பார்த்த ஊர் இது. 2016-இல் யோசித்தே செய்தார்கள். ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் போட்டு, வெளியூர் வண்டிகளை அங்கேயே நிறுத்தினார்கள். ஊருக்குள் கார் சத்தம் அடங்கிப் பார்த்தது அந்தச் சில நாள்தான். அதற்கான படம், தடம், ஆள் கணக்கு எல்லாம் ஏதோ ஒரு பீரோவில் இருக்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துத் தூசு தட்டுவதற்குப் பதில், அதில் ஒரு துண்டை இப்போதே எடுத்துப் பார்க்கலாம் என்பதுதான் என் யோசனை.

சின்ன வண்டிகள் நாலு போதும். பேருந்து நிலையம், ரயிலடி, மகாமகக் குளம், காந்தி பூங்கா, பாலக்கரை, மறுபடி பேருந்து நிலையம். ஒரே வட்டம். வெளியூருக்குப் போகாது, அதனால் வெளிச்சாலை நெரிசல் இதைத் தொடாது. தாராசுரம், சுவாமிமலை, திருநாகேஸ்வரம் போகிற வண்டிகள் அதன்பின் ஊருக்குள் சுற்ற வேண்டியதில்லை. விளிம்பில் ஆளை இறக்கிவிட்டு நேரத்துக்குத் திரும்பலாம். மாறி ஏறுவதா என்று நம் ஆட்கள் முணுமுணுப்பார்கள். அடுத்த வண்டி கையெட்டும் தூரத்தில் நின்றால் முணுமுணுப்பு ஒரு மாதத்தில் நின்றுவிடும். நிற்காவிட்டால் என் யோசனை தப்பு என்று ஒப்புக்கொள்கிறேன். ஷேர் ஆட்டோக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசாமல் இதைச் செய்யவும் கூடாது. பஸ் கைவிட்ட இடத்தில் இத்தனை வருஷமாக ஊரைச் சுமந்தவர்கள் அவர்கள்.

வட்டப் பேருந்துக்கு விதியைத் திருத்த வேண்டும், பணம் வேண்டும், நாளாகும். நிறுத்தத்தில் வண்டி நேரம் எழுதிய ஒரு பலகை மாட்ட என்ன வேண்டும்? ஒரு தகரம், ஒரு டப்பா பெயிண்ட். டவுன் பஸ் நேரம் தப்பத்தான் செய்யும். தப்பினால் எவ்வளவு தப்புகிறது என்றாவது தெரியுமே. வண்டி எப்போது வர வேண்டும் என்பதே ரகசியமாக இருக்கும்வரை, தாமதம் என்று ஒன்றை யாராலும் நிரூபிக்கவும் முடியாது, சரிசெய்யவும் முடியாது.

இதைக் கடையில் பேசிக்கொண்டிருந்தபோது முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தார். பித்தளைப் பலகை வேண்டுமானாலும் அடித்துத் தருகிறேன், கடை வாசலிலேயே மாட்டிக்கொள்ளுங்கள் என்றார். கும்பகோணத்தில் பித்தளைக்கா பஞ்சம்! பலகை தயார், மாட்ட இடமும் தயார். அதில் பொறிக்க வேண்டிய நேரங்களை மட்டும் யாராவது கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
தாராசுரம்.