முதலில் வீட்டுச் சுவரைப் பார்

அன்புள்ள மாப்ளே,

மூன்று வாரமாகப் பதில் இல்லை என்று திட்டியிருந்தாய். திட்டு சரிதான், வாங்கிக்கொண்டேன். இங்கே எல்லோரும் நலம். உன் அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் பெரிய நிம்மதி. நம் நண்பன் மொட்டைக்குத் தர வேண்டிய பணத்தை இந்த ஜென்மத்திலேயே கொடுத்துவிடு. நலம் விசாரிப்பு முடிந்தது, இனிமேல் சண்டை.

நீயும் அப்பாவும் லண்டனிலிருந்து பஸ் ஏறி, ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டமும் பாத் நகரமும் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்புவதா ஒரு திட்டம்? போட்டவனைப் பூகோள வாத்தியாரிடம்தான் பிடித்துக் கொடுக்க வேண்டும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று போட்டோ எடுப்பாய், கடையில் காந்த பொம்மை வாங்குவாய், அவ்வளவுதான் நடக்கும். ஸ்டோன்ஹெஞ்சுக்கு வடக்கே, சாலை வழியாகச் சுமார் 40 கிலோமீட்டரில், அதே வில்ட்ஷயர் மாவட்டத்தில், ஏவ்பரி என்று ஒரு கிராமம் இருக்கிறது. உலகிலேயே பெரிய கல்வட்டம் அங்கேதான். டிக்கெட் கிடையாது, கயிறு கிடையாது, கல்லைத் தொடலாம். 1649இல் வேட்டைக்கு வந்த இடத்தில் இதைக் கண்ட ஜான் ஆப்ரி என்ற பழமை ஆய்வாளர், ஸ்டோன்ஹெஞ்சை ஊர்ச் சின்னக் கோயில் என்றால் இது பேராலயம் என்கிற தோரணையில் எழுதி வைத்தார். நம் பாஷையில், பெரிய கோயிலுக்கு முன்னால் தெருமுனைப் பிள்ளையார்.

கல்வட்டம் என்றதும் நம் ஊர் ஈமக்காடு உன் நினைவுக்கு வரும். அதை மறந்துவிடு. நம்முடையவை இரும்புக்காலத்துச் சவக்குழிகளைச் சுற்றி நிற்பவை. இது அவற்றுக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல் முந்தியது, கல்லறையும் இல்லை. வெளிவட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 330 மீட்டர், அதில் முதலில் சுமார் 100 கற்கள். அதற்குள் இரண்டு சின்ன வட்டங்கள். எல்லாவற்றையும் சுற்றி ஓர் அகழி, அகழிக்கு வெளியே கரை. மான் கொம்பால் கொத்திக் கொத்தியே சீமைச்சுண்ணாம்புப் பாறையில் 9 மீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறார்கள். இன்று பாதிக்கு மேல் தூர்ந்துபோன பிறகும் விளிம்பில் நின்றால் வயிற்றைக் கலக்கும். வட்டத்துக்குள்ளேயே தெரு, வீடு, சாராயக்கடை, நடுவே லாரி ஓடும் ரோடு. ஆட்டுப் புழுக்கையும் உண்டு, பார்த்து நட.

போனதும் கல்லிடம் ஓடாதே. முதலில் வீட்டுச் சுவரைப் பார். இந்தக் கடிதமே இதைச் சொல்லத்தான்.

சீமைச்சுண்ணாம்பு பூமியில் வீடு கட்டக் கல் கிடையாது. சுண்ணாம்பு கையில் உதிரும். அதற்குள் கிடைக்கும் சக்கிமுக்கிக் கல்லோ உருண்டை உருண்டையாக இருக்கும். உருப்படியான கல் என்றால் மேலே சிதறிக் கிடந்த சார்சன் ஒன்றுதான். மணல், சிலிக்காவில் கெட்டித்துப்போன பாறை அது, உளியை மதிக்காது. அதனால் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஊர்க்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கல்லின் கீழே குழி தோண்டு. வைக்கோலைத் திணித்துக் கொளுத்து. கல் நன்றாகச் சூடேறியதும், பிளக்க வேண்டிய இடத்தில் கோடு இழுத்த மாதிரி குளிர்ந்த நீரை ஊற்று. உடனே சம்மட்டியால் ஒரு போடு. சூட்டில் விரிந்த கல்லில் அந்த ஒரு கோடு மட்டும் சட்டென்று சுருங்கும், கல் அங்கேயே பிளக்கும். வில்லியம் ஸ்டூக்லி என்ற பழமை ஆய்வாளர் 1719 முதல் வருஷா வருஷம் வந்து, கண்ணெதிரே கல் உடைவதைப் பார்த்து வயிறெரிந்து படம் வரைந்து வைத்தார். அந்தப் படங்கள் இல்லையென்றால் பல கல் நின்ற இடமே தெரிந்திருக்காது.

ஆக, வட்டத்தில் காணாமல்போன கற்களில் பல ஊருக்குள்ளேயேதான் இருக்கின்றன. சுவரைக் கிட்டப் போய்ப் பார். சாம்பல் நிறத்தில் கரடுமுரடான கல். ஆனால் மூலைக்கும் ஜன்னலைச் சுற்றியும் மட்டும் செங்கல். ஏன்? சார்சனை நேர்கோணமாக வெட்டி எடுப்பது பெரும்பாடு, அதனால் நேர்க்கோடு வேண்டிய இடமெல்லாம் செங்கல்லுக்குப் போனது. இன்னொரு வேடிக்கை: சார்சன் ஈரத்தை உறிஞ்சாது. குளிர்காலத்தில் உள்சுவரில் முத்து முத்தாக வியர்க்கும். கல்லின் சாபம் என்று உன் அத்தை சொல்வார். வட்டத்துக்குள் கட்டின பிரார்த்தனைக்கூடத்துக்கும் இதே கல்தான். சாமிக்கும் கல் தேவைப்பட்டிருக்கிறது!

அதற்கு முன்பே, 14ஆம் நூற்றாண்டு வாக்கில், பல கற்களைச் சாய்த்துக் குழியில் புதைத்திருந்தார்கள். அதுதான் அவற்றைக் காப்பாற்றியது. 1930களில் அலெக்சாண்டர் கீலர், ஆரஞ்சு ஜாம் கம்பெனியின் வாரிசு, தன் காசில் ஊரை வாங்கி, தோண்டி எடுத்து நிமிர்த்தினார். கல்லே கிடைக்காத குழிகளில் சிமென்ட் முளை நட்டார். நீ பார்க்கும் குட்டையான முளையெல்லாம் அதுதான், பழங்காலச் சின்னம் என்று போட்டோ எடுத்து அனுப்பாதே. 1938இல் ஒரு கல்லுக்கு அடியில் ஒருவனின் எலும்புக்கூடு கிடைத்தது. கூடவே கத்தரிக்கோல், மருத்துவனின் சிறு கருவி, 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் காசுகள். ஊர் ஊராகப் போன நாவிதனாக இருக்கலாம், கல்லைச் சாய்க்கும்போது நசுங்கிச் செத்தான் என்று ரொம்ப நாள் சொன்னார்கள். பின்னாளில் எலும்பைத் திரும்ப ஆராய்ந்தபோது நசுங்கியதற்கு அடையாளம் இல்லை. யாரோ அவனை அங்கே கிடத்தியிருக்கிறார்கள். ஏன் என்ற கேள்வி மட்டும் என்னை விடவே மாட்டேன் என்கிறது.

சரி, நடை. லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ஸ்விண்டன். அங்கிருந்து 49ஆம் எண் பஸ் ஊர் நடுவிலேயே இறக்கிவிடும். திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே குறித்துக்கொள். நீ வருவது அக்டோபர் கடைசி வாரம். அந்த ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், அதன் பிறகு ஐந்து மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். பத்து மணிக்குள் நடையைத் தொடங்கு.

ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் 157 வரைபடம் வாங்கு. 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். போன் இருக்கிறதே என்பாய். குளிரில் பேட்டரி எப்படி இறங்குகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசு. வழியில் கம்பங்களில் அம்புக்குறி இருக்கும். மஞ்சள் நடப்பவர்களுக்கு மட்டும், நீலத்தில் குதிரையும் சைக்கிளும் வரும், சிவப்பில் வண்டியே வரலாம்.

ஊரிலிருந்து தெற்கே கென்னெட் ஆற்றை ஒட்டிப் போ. ஆறு எங்கே என்று தேடாதே. அடிநீர் மட்டம் ஏறினால்தான் இதில் தண்ணீர், பெரும்பாலும் குளிர்காலத்துக்குப் பிறகு. அக்டோபரில் புல் முளைத்த பள்ளம்தான் இருக்கும். வலப்பக்கம் சில்பரி குன்று வரும். பத்து மாடி உயரம், முழுக்க மனிதர் குவித்தது, 4,400 வருஷப் பழசு. ஏறாதே. வேலி சும்மா போடவில்லை. 1776இல் புதையல் தேடி உச்சியிலிருந்து நேராகக் கிணறு வெட்டினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் கிணறு 2000இல் உச்சியில் வாய் பிளந்தது. உள்ளே இருந்த பொந்துகளையெல்லாம் சுண்ணாம்பைப் போட்டு நிரப்பிய பிறகுதான் குன்று நிலைத்தது.

அடுத்து ஏ4 சாலையைக் கடக்க வேண்டும். இந்த ஒரு இடத்தில் விளையாட்டு வேண்டாம். சிக்னல் இல்லை, கார்கள் பறக்கும். அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போ. எதிரே மேட்டில் வெஸ்ட் கென்னெட் நெடுங்கல்லறை, நீளம் 100 மீட்டர், உள்ளே ஐந்து அறைகள். சுமார் 36 பேரின் எலும்புகள் இருந்தன. டார்ச் கொண்டுபோ, சூடம் ஏற்றிவிடாதே. மெழுகுவர்த்தி வைத்துவிட்டுப் போகிறவர்களால் கல் கருத்தும் வெடித்தும் போகிறது. அப்பாவுக்கு இந்த ஏற்றமே போதும், அவரை இங்கிருந்து ஊருக்குத் திருப்பிக் கூட்டிப்போய்த் தேவாலயத்தில் உட்கார வை. சாக்சன் காலத்துச் சுவர் அது, அவருக்குப் பிடிக்கும். உனக்குக் கால் இருந்தால் கிழக்கே ஓவர்ட்டன் குன்று, அங்கே தொடங்கும் ரிட்ஜ்வே என்ற பழைய நடைபாதையில் வடக்கே திரும்பி, கிரீன் ஸ்ட்ரீட் என்ற பாதை வழியாக ஊருக்கு வா. முழுச் சுற்றும் சுமார் 10 கிலோமீட்டர், நின்று பார்த்து நடந்தால் நாலு மணி நேரம்.

மழை பெய்திருந்தால் சீமைச்சுண்ணாம்புச் சேறு சோப்பு மாதிரி வழுக்கும். அடியில் பல் ஆழமான பூட்ஸ் வேண்டும், உன் வெள்ளை ஷூ வேண்டாம். கன்றோடு நிற்கும் மாட்டுக்கு நடுவே புகாதே, வேலியோரமாகச் சுற்றிப் போ. நீ திறந்த கேட்டை நீயே மூடு. ராத்திரி முழங்காலுக்குப் பின்னால் உண்ணி கடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள், இங்கே அதனால் லைம் நோய் வரும். இருந்தால் தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழு, எண்ணெய் தடவி ஆராயாதே. வேலிச் செடியில் சிவப்புப் பழம் கொத்திக்கொண்டு கூட்டமாகச் சாம்பல்தலைக் குருவிகள் தெரிந்தால், அவை ஃபீல்ட்ஃபேர். ஸ்காண்டிநேவியாவிலிருந்து அந்த வாரம்தான் வந்து இறங்கியிருக்கும்.

கடைசியாக, பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் வடக்கு வாசலில் ரோட்டோரம் நிற்கும் பெரிய கல்லைப் பார். 60 டன்னுக்கு மேல் எடை. யாரும் நிமிர்த்த வேண்டியிருக்கவில்லை, அது விழவே இல்லை. லாரிக்கு ஒதுங்கி நின்று ஒரு தடவை உள்ளங்கையை வை.

ரயில் எத்தனை மணிக்கு என்று எழுது. காலுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள். அந்த பஸ் டூரை இன்றைக்கே கேன்சல் பண்ணு, பணம் திரும்ப வந்தால் மொட்டைக்குக் கொடு.

அன்புடன்,
உன் வாத்தியார் சிஷ்யன்